சுக்ஷ்பிட்ஸே மலைக்கு ஒரு ராத்தங்கல்: மியூனிக்கில் இன்டர்ன்ஷிப் வந்தவர்களுக்கு

மே மாதம் ஜூனியர்கள் மியூனிக்கில் வந்து இறங்கியதும் இரண்டு கேள்வி வரும். இட்லி அரிசி எங்கே கிடைக்கும்? ஜெர்மனியிலேயே உயரமான மலைக்கு எப்படிப் போவது? முதல் கேள்விக்கு மெயின் ஸ்டேஷன் பக்கத்து ஆசியக் கடைகளைக் கைகாட்டிவிட்டால் போதும். இரண்டாவதற்கு வாட்ஸ்அப்பில் பதில் அடித்து விரல் தேய்ந்துவிட்டது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

சுக்ஷ்பிட்ஸேயின் உயரம் 2,962 மீட்டர். கேபிள் காரில் பத்து நிமிடத்தில் மேலே போய், காபி குடித்து, போட்டோ எடுத்துவிட்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்வது கார்மிஷ் ஊரிலிருந்து நடந்தே போவது. சனிக்கிழமை பள்ளத்தாக்கில் ஒரு மலைவிடுதியில் படுத்து, ஞாயிற்றுக்கிழமை உச்சியைத் தொடுவது.

நம்மில் வெள்ளியங்கிரி ஏறியவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே ராத்திரியெல்லாம் மூங்கில் தடியோடு ஏறி விடியலில் உச்சியில் நிற்போம். இங்கே அந்தப் பழக்கம் எடுபடாது. இருட்டில் யாரும் நடப்பதில்லை. மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும், பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும், பிற்பகலில் இடி வரும், மாலையோடு கீழே போகும் வண்டியும் நின்றுவிடும். ஜிம்முக்கே போகாத பெண்களும் பையன்களும் எங்கள் கூட்டத்தில் ஏறினார்கள். கால் பலம் ஓரளவு இருந்தால் போதும். நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடத் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

எந்த வழி, எந்த வாரம்

நடந்து ஏற முக்கியமான வழிகள் சில உண்டு. ஹோலன்டால் வழி யூடியூபில் அட்டகாசமாக இருக்கும். பாறையில் அடித்த இரும்புக் கம்பிகளைப் பிடித்து ஏறுவது, நடுவில் பனிப்பாறையைக் கடப்பது என்று அது வேறு உலகம். ஹார்னஸ் என்னும் இடுப்பு வார், ஹெல்மெட், பனியில் வழுக்காமல் ஷூவுக்கு அடியில் மாட்டும் கிராம்பான் முட்கள் எல்லாம் வேண்டும். உங்கள் லேபில் ஒரு ஜெர்மன் சீனியர் "ரொம்ப ஈஸி" என்பார். அவர் மூன்று வயதிலிருந்து மலையில் நடக்கிறவர், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். நமக்கு ரைன்டால் பள்ளத்தாக்கு வழி. நீளம் அதிகம், மொத்தம் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் கடைசிப் பகுதி தவிர எல்லாம் நடைதான்.

எப்போது போவது? டி.ஏ.ஏ.டி. என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் வைஸ் இன்டர்ன்ஷிப் ஸ்காலர்ஷிப்பில் வருகிறவர்கள் பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை இருப்பார்கள். வந்ததும் உற்சாகத்தில் ஜூன் முதல் வாரமே கிளம்பாதீர்கள். மேலே பனி அப்போது நன்றாகவே கிடக்கும், பாதை கண்ணுக்குத் தெரியாது. ஜூலை பாதிக்கு மேல்தான் சரி. அதற்கு முன்னால் இரண்டு மூன்று ஞாயிறுகளில் சின்ன மலைகள் ஏறிப் பழகிக்கொள்ளுங்கள். ஷூவும் பழகிவிடும்.

படுக்கை கிடைத்த பிறகுதான் மற்ற திட்டம்

ரைன்டாலங்கர் ஹூட்டே. நீங்கள் தூங்கப்போகும் இடம் இதுதான், 1,370 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹூட்டே என்றால் மலைவிடுதி. ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தின் மியூனிக் கிளைக்குச் சொந்தமானது. ஜூலை சனிக்கிழமைகள் பல வாரங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆறு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் ஜூன் தொடக்கத்திலேயே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். "போய்ப் பார்த்துக்கலாம்" என்ற நம் ஊர் வழக்கம் இங்கே செல்லாது. வராவிட்டால் அபராதம் பிடிப்பார்கள், ரத்து செய்வதற்கும் கெடு தேதி உண்டு. அதைக் காலண்டரில் போட்டு வையுங்கள்.

அறையா, லாகரா என்று கேட்பார்கள். லாகர் என்றால் நீளமான மேடையில் வரிசையாக மெத்தை போட்டு எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் படுப்பது. கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. விலையும் குறைவு, லாகரே எடுங்கள்.

சங்கத்தில் உறுப்பினர் ஆவதா வேண்டாமா? 25 வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சந்தா குறைவு. உறுப்பினர்களுக்கு இரவுக் கட்டணம் குறையும், கூடவே மலையில் மீட்புக்கான காப்பீடும் வரும். உங்கள் இன்டர்ன்ஷிப் மருத்துவக் காப்பீட்டில் மலை மீட்பு இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். ஹெலிகாப்டர் வந்தால் பில்லும் வரும். இரண்டு மூன்று முறை மலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் சேர்ந்துவிடுவதே லாபம் என்பது என் கணக்கு.

பைக்குள் என்ன

மலைவிடுதியில் கம்பளி தருவார்கள். ஆனால் அதற்குள் படுக்க மெல்லிய துணிப்பை ஒன்று நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அது கட்டாயம். கடையில் விற்கிறார்கள். எங்கள் கூட்டத்து மதுரைக்காரன் கடைக்கே போகவில்லை. எட்டு முழ வேட்டியைக் குறுக்காக இரண்டாக மடித்தான். மடிப்பு கால்மாட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஊசி நூலால் ஓட்டுத்தையல் போட்டான். முடிந்தது பை. ஆள் நீளத்துக்குச் சரியாக வந்தது, கையளவு சுருண்டது, எடையே இல்லை. விடுதிக்காரர் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். 

குளிரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். மியூனிக் இருப்பது 520 மீட்டரில். அங்கே 25 டிகிரி என்றால் உச்சியில் பத்துதான், காற்று அடித்தால் அதற்கும் கீழே. 2008 ஜூலையில் இதே மலையில் நடந்த ஓட்டப் பந்தயத்தின்போது மழையும் பனியும் சேர்ந்துகொள்ள, மெல்லிய உடையில் ஓடிய இருவர் இறந்துபோனார்கள். அதுவும் கோடையில்தான் நடந்தது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. விளையாட்டு பேன்ட், ஒரு ஸ்வெட்டர், நிஜமான மழை ஜாக்கெட், மெல்லிய கையுறை, குல்லா. கையுறை கம்பியைப் பிடிக்கவும் உதவும்.

கணுக்காலை மூடுகிற ஷூ வேண்டும். முதல் நாளுக்கு ஓட்ட ஷூவே போதும், இரண்டாம் நாள் சரளைக் கல்லில் அது பல்லைக் காட்டிவிடும். லேபில் கேளுங்கள். யார் வீட்டு நிலவறையிலாவது உங்கள் சைஸில் ஒரு ஜோடி கிடக்கும், ஜெர்மன்காரர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

மற்றவை: தலையில் மாட்டும் டார்ச், காதடைப்பான், ஒரு செட் மாற்று உடை, செருப்பு, கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், சன்ஸ்கிரீன், பாஸ்போர்ட், ரொக்கம். உச்சியின் மறுபக்கம் ஆஸ்திரியா என்பதால் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கார்டு எல்லா விடுதியிலும் ஓடாது. தண்ணீருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் பாட்டில். மேலே சில குழாய்களில் "கைன் ட்ரிங்க்வாஸர்" என்று எழுதியிருக்கும். குடிக்காதீர்கள் என்று அர்த்தம்.

சாப்பாடு: முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரை. ராத்திரியே கிளறி வைத்துவிட்டால் கெடவே கெடாது. இரண்டாம் நாளுக்கு நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடி தடவிச் சுருட்டிய சப்பாத்தி. இடையில் கொறிக்கக் கடலை மிட்டாய். எனர்ஜி பார் என்று மூன்று யூரோவுக்கு விற்பதைவிட இது எவ்வளவோ மேல். எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பவேரியாவில் கடைகள் இரவு எட்டுக்கு மூடிவிடும், ஞாயிறு கிடையவே கிடையாது.

அப்புறம் வீட்டுக்கு ஒரு போன். ரைன்டாலில் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. "சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை போன் எடுக்காது, பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரூரில் என் அம்மா அப்படியும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். இதே காரணத்துக்காக மேப்பையும் ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை

மியூனிக்கிலிருந்து கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனுக்கு மணிக்கொரு ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்னும் நாடு தழுவிய மாத டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவில்லை. இல்லாதவர்கள் சேர்ந்து பயர்ன் டிக்கெட் என்னும் பவேரியா ஒருநாள் டிக்கெட் எடுக்கலாம், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். அது வார நாட்களில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. எட்டு மணி ரயிலைப் பிடியுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து 1936 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஸ்கீ ஸ்டேடியம் வரை அரை மணி நடை. அங்கிருந்து பார்ட்னாக் கிளாம். 700 மீட்டர் நீளத்துக்கு ஆறு பாறையை அறுத்துப் போட்ட இடுக்கு அது. இரண்டு பக்கச் சுவர்களும் சில இடங்களில் 80 மீட்டர் உயரம். பக்கவாட்டில் குடைந்த பாதையில் நடக்கும்போது மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஜாக்கெட்டை வெளியே எடுத்து வையுங்கள். உயரமானவர்கள் குகைப் பகுதியில் தலையைக் குனிந்து போகவும். நுழைவுக் கட்டணம் உண்டு. கனமழைக்குப் பிறகு மூடிவிடுவார்கள், அப்போது மேலே சுற்றிப் போகிற வழி இருக்கிறது. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இடுக்கைத் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிடும். இனி ஆறு கூடவே வரும், ஏற்றம் இருப்பதே தெரியாது. நடுவில் போக் ஹூட்டே, 1,052 மீட்டர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆப்பிள் சாறு சோடா குடிக்கலாம். இன்னும் மேலே நீலக் குளம் என்று பழைய போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள். அதைத் தேடாதீர்கள். 2005 ஆகஸ்ட் வெள்ளத்தில் கரை உடைந்து குளம் போய்விட்டது, இப்போது அந்த இடத்தில் கல்லும் மணலும்தான்.

மலைப் பலகைகளில் கிலோமீட்டர் இருக்காது, மணிக்கணக்குதான் போட்டிருக்கும். அது நிற்காமல் நடக்கிறவர்களின் கணக்கு. செல்ஃபி, புளியோதரை, "டேய் கொஞ்சம் நில்லுடா" எல்லாம் சேர்த்து நம் கூட்டத்துக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். ஸ்டேடியத்திலிருந்து விடுதிக்கு ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நல்ல வேகம்.

கூட்டமாக நடக்க இரண்டே விதி வைத்திருந்தோம். மெதுவாக நடப்பவர் முன்னால், வேகக்காரர்கள் பின்னால். வழி பிரிகிற இடத்தில் கடைசி ஆள் வரும்வரை யாரும் நகரக் கூடாது. கடைசியாக வருபவர் மூச்சு வாங்கி முடித்த பிறகே ஓய்வு முடிந்ததாகக் கணக்கு. முன்னால் வந்தவர்கள் ஓய்வெடுத்துவிட்டு, அவர் வந்ததும் எழுந்து நடப்பதுதான் எல்லா மலைச் சண்டைகளுக்கும் காரணம்.

விடுதியில்

திபெத்தியக் கொடிகள் காற்றில் ஆடுவது தெரிந்தால் வந்துவிட்டோம் என்று பொருள். உள்ளே நுழைந்ததும் பேர் சொல்லிப் பதியுங்கள், பதிவேட்டில் நாளைக்கு எங்கே போகிறோம் என்றும் எழுதுங்கள். தேடுதல் வந்தால் அந்த ஒரு வரிதான் உதவும். ஷூவை அதற்கான அறையில் விட வேண்டும். அங்கே ஒரே கடையில் வாங்கிய ஒரே கறுப்பு ஷூ இருபது ஜோடி கிடக்கும். கயிற்றில் ஒரு கலர் நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

மலையில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள், புரொபசர் வயதுக்காரராக இருந்தாலும். சங்கடப்படாதீர்கள். வழியில் எதிரே வருபவருக்கு "செர்வுஸ்" அல்லது "க்ரூஸ் காட்" சொல்வது மரியாதை.

சைவக்காரர்களுக்கு: சூப் என்றாலே உஷாராக இருங்கள். பருப்பு சூப்பில்கூடப் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கலாம். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்" என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். முதலாவது இறைச்சி, இரண்டாவது பன்றிக் கொழுப்பு, அவர்கள் கணக்கில் இரண்டும் வேறு. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால், கேஸ்ஷ்பெட்ஸ்லே என்னும் சீஸ் நூடுல்ஸும் கைஸர்ஷ்மார்ன் என்னும் பிய்த்துப்போட்ட இனிப்பு அப்பமும் இருந்தால் கவலை இல்லை, இரண்டிலும் முட்டை உண்டு. ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நம் கட்டுச்சோற்றைப் பிரிப்பது முறையல்ல. பொருளெல்லாம் எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டுவந்து நடத்துகிறார்கள், நம் சாப்பாட்டுக் காசில்தான் அந்த விடுதி ஓடுகிறது. மிச்சம் இருந்தால் வெளியே பாறையில் வைத்துச் சாப்பிடுங்கள். குப்பைத்தொட்டியும் கிடையாது, கொண்டுபோன கவர் உங்களோடே கீழே வர வேண்டும்.

ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்திலேயே மறுநாள் பையை அடுக்கி முடியுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு லாகரில் பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று பிரிப்பவரை நாற்பது பேர் மனதுக்குள் திட்டுவார்கள். மாற்று உடையைக் கவரில் போடாமல் துண்டில் சுற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள், ஆறரை தாண்டவே கூடாது. இன்றைக்கு 1,600 மீட்டர் ஏற வேண்டும், நேற்றையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

முதல் இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி 2,050 மீட்டரில் க்னோர் ஹூட்டே. இந்தப் பகுதியில் முதன்முதலாகக் கட்டிய விடுதி, 1855-இல் கட்டியது. இங்கே தண்ணீர், டீ, கழிவறை எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பலகையைக் கவனியுங்கள். காட்டர்ல், எர்வால்ட் என்று போட்டிருப்பது ஆஸ்திரியாவுக்குப் போகிற வழி.

அடுத்தது வெறும் கல். மரம் இல்லை, நிழல் இல்லை, சுண்ணாம்புப் பாறை வெயிலைத் திருப்பி அடிக்கும். அங்கங்கே அழுக்குப் பனி. ஷ்னேஃபெர்னர் என்னும் பனிப்பாறை ஒருகாலத்தில் இந்த மேட்டை மூடியிருந்தது. அதன் தெற்குத் துண்டு 2022-இல் பனிப்பாறை என்ற தகுதியையே இழந்தது. வடக்குத் துண்டு மட்டும் மிச்சம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஸோன்ஆல்பின், 2,576 மீட்டர். அங்கே ரயில் நிலையம், உணவகம், பனிச்சறுக்குப் பலகையில் கத்தும் குழந்தைகள் எல்லாம் இருக்கும்.

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். உச்சிக்கு இன்னும் 400 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் கால் வைத்தால் சறுக்கும் சரளைச் சரிவு, பிறகு இரும்புக் கயிறு கட்டிய பாறை முகடு. கயிறு முழுக்க உண்டு, ஆனால் கீழே பார்த்தால் சிலருக்குத் தலை சுற்றும். மணி பன்னிரண்டு ஆகிவிட்டதா, மேகம் காலிஃப்ளவர் மாதிரி குமிகிறதா, யாருக்காவது கை நடுங்குகிறதா, மூன்றில் ஒன்று ஆம் என்றாலும் நடையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கேபிள் காரில் உச்சிக்குப் போங்கள். மின்னல் நேரத்தில் இரும்புக் கயிற்றைப் பிடித்து நிற்பதைவிட மோசமான இடம் மலையில் இல்லை. கூட்டம் பிரியலாம், நாலு பேர் நடந்து, இரண்டு பேர் கேபிள் காரில் என்று. நடப்பவர் யாரும் தனியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். கொல்கத்தாக்காரி ஒருத்தி எங்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்து, நாங்கள் முகட்டில் ஊர்ந்து வருவதை வீடியோ எடுத்தாள். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல படம் அதுதான்.

ஏதாவது ஆனால் 112. சிக்னல் இல்லையென்றால் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும்.

உச்சியில் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆறு மணி நேரம் வியர்த்து மேலே வந்தால், செருப்புப் போட்ட குடும்பங்கள் சாஸேஜ் தின்றுகொண்டிருக்கும். பொன்நிறச் சிலுவை நிற்பது பக்கத்துக் கிழக்கு முகட்டில். அதற்குக் கடைசியாக ஒரு சிறிய ஏணியும் கயிறும் உண்டு, வரிசையும் உண்டு. 1820 ஆகஸ்ட் 27-இல் யோசெஃப் நவுஸ் என்ற அளவைப் பணி அதிகாரியும் துணைக்கு வந்தவர்களும் ஏறியதுதான் பதிவான முதல் ஏற்றம். அவர்களுக்கு இந்த வரிசை இருந்திருக்காது.

இறங்குவது

நடந்து இறங்காதீர்கள். முட்டி போய்விடும், நேரமும் இருக்காது. ஐப்ஸே ஏரிக்கு நேராக இறங்கும் கேபிள் கார், அல்லது 1930-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில். டிக்கெட் மலிவு இல்லை, டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் இதில் செல்லாது. பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள். கடைசி வண்டி மாலை நாலரையை ஒட்டி இருக்கும், அன்றைய நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மூன்று மணிக்கு வரிசையில் நின்றால் நிம்மதி.

ஐப்ஸேயில் நேரம் மிச்சமிருந்தால் காலை நனைத்துக்கொள்ளலாம். ஜூலையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும், வீங்கிய பாதத்துக்கு அதுவே மருந்து. அங்கிருந்து கார்மிஷுக்குப் பஸ்ஸோ ரயிலோ உண்டு.

ஞாயிறு மாலை மியூனிக் ரயில் நிரம்பி வழியும். பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்து கடைசிப் பெட்டியில் ஏறுங்கள், அங்கே பெரும்பாலும் இடம் இருக்கும். உட்கார்ந்ததும் தூங்குவதற்கு முன்னால் ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கை முடித்துவிடுங்கள். கிளாம் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது யார் என்பது திங்கட்கிழமை லேபுக்குப் போனபின் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கொடுத்தவரைத் தவிர.